சோறு, வயல், மாத்திரை: காவிரிப் படுகைக்காரருக்கான சர்க்கரை நோய் சிகிச்சை வழிகாட்டி

நீடாமங்கலத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் கோயில்வெண்ணி என்று ஓர் ஊர் இருக்கிறது. கரிகாலன் போரில் வென்ற வெண்ணி அதுதான் என்பார்கள். அங்குள்ள கரும்பேஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் ரவையும் சர்க்கரையும் கலந்து பிரகாரத்தில் தூவுவார்கள். எறும்புகள் அதைத் தின்றால் நம் உடம்பில் இருக்கும் சர்க்கரை குறையும் என்பது நம்பிக்கை. என் அப்பாவும் தூவினார். எறும்புகள் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை. அப்பாவின் சர்க்கரை மட்டும் 280ஐ விட்டு அசையவில்லை.

கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. இந்தக் கதை வேறு இடத்துக்குப் போகிறது. அந்த ஆண்டு சம்பா நடவின்போது அப்பா காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். ஆள் பற்றாக்குறை, நாற்றுக்கட்டு சுமந்தார், பத்து மணிக்கு வர வேண்டிய சாப்பாடு ஒரு மணிக்கு வந்தது. அதற்குள் வரப்பில் விழுந்துவிட்டார். எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 42. பிறகுதான் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தோம். ஒரு மருத்துவர் கிளிமிபிரைடு எழுதியிருந்தார். வேறோர் இடத்தில் கிளிபிசைடு கொடுத்திருந்தார்கள். பெயர் இரண்டு, குலம் ஒன்று. அப்பா இரண்டையும் ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருந்தார். கொடுத்த இரு இடத்தாரும் நல்லவர்கள்தான். மற்றவர் என்ன கொடுத்தார் என்று இருவருக்கும் தெரியாது. நடவு தொடங்கிவிட்டதும் தெரியாது. சொல்ல வேண்டிய நாங்களும் சொல்லவில்லை.

மருந்து நல்லதா கெட்டதா என்ற விவாதத்தைவிட, அது நம் சாப்பாட்டுக்கும் வேலைக்கும் பொருந்துகிறதா என்ற கேள்வியே எனக்கு அப்போதிலிருந்து பெரிதாகப்படுகிறது. கீழே இருப்பதெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு எழுதியது. அளவுகளை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்; அவரிடம் என்ன கேட்பது, என்ன சொல்வது என்பதற்கே இந்த வழிகாட்டி.

படி 1: நோய் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

வெறும் வயிற்றில் 100 மில்லி இரத்தத்துக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 200 அல்லது அதற்கு மேல், எச்.பி.ஏ.1.சி. 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் சர்க்கரை நோய். ஆனால் தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைதல் போன்ற அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். திருவிழா முகாமில் விரலைக் குத்திப் பார்த்த எண்ணோடு நேரே மருந்துக் கடைக்குப் போகாதீர்கள்.

எச்.பி.ஏ.1.சி. என்பது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரி. முதல் நாள் மட்டும் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. இரத்தசோகை இருந்தால் மட்டும் அந்த எண் பிசகும். இரும்புச்சத்துக் குறைவில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களுக்கு இது முக்கியம். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125, எச்.பி.ஏ.1.சி. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை. இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. இந்த நிலையில் இருந்தவர்கள் உணவையும் நடையையும் சீர்ப்படுத்தியபோது நோயாக மாறும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் கொடுத்தபோது 26.4 விழுக்காடு. மாத்திரையும் நடையும் கிட்டத்தட்டச் சமம் என்று ஓர் ஆய்வே சொல்லும்போது நான் நடைக்குத்தான் வாக்களிப்பேன்.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்குகிறார்கள். பிரசவத்தோடு அது மறைந்தாலும் பின்னாளில் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆண்டுதோறும் சோதனை தேவை.

சிறு பிள்ளைகளுக்கும் ஒல்லியான இளைஞர்களுக்கும் திடீரென வருவது பெரும்பாலும் முதல் வகை. அதற்கு இன்சுலின் ஒன்றே மருந்து. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. இதை வேறு எந்த யோசனையோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இனி நான் சொல்வது பெரும்பாலும், பெரியவர்களுக்குப் பரவலாக வரும் இரண்டாம் வகைக்கு.

படி 2: உங்கள் இலக்கு எது என்று கேளுங்கள்

பொதுவாக எச்.பி.ஏ.1.சி. 7க்குக் கீழே, வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 180க்குள். இது 45 வயதுக்காரருக்குச் சரி. தனியாக இருக்கும் 78 வயதுப் பாட்டிக்கு இதே இலக்கை வைத்தால் இரவில் சர்க்கரை தாழ்ந்து விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வார். அவருக்கு 8 வரை விடலாம். "எனக்கு எவ்வளவு இருந்தால் போதும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஆளுக்கு ஆள் மாற வேண்டும்.

இரத்த அழுத்தம் 130க்கு 80க்குள் இருக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டிய பெரும்பாலான சர்க்கரை நோயாளிகளுக்குக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின் மாத்திரையும் பரிந்துரைக்கப்படுகிறது. சர்க்கரை நோயாளியை மாரடைப்பு கொண்டுபோவதுதான் அதிகம். சர்க்கரை எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு இந்த இரண்டையும் கோட்டைவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 3: சோற்றோடு ஒரு சமாதானம்

படுகையில் பிறந்தவரிடம் "அரிசியை விட்டுவிடு" என்று சொல்வது அறிவுரையே இல்லை. காலையில் இட்லி, இரவில் தோசை, இரண்டும் அரிசி. நடுவில் மதியச் சாப்பாடு: சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு விழுகிறது. "கொஞ்சமாகத்தான் சாப்பிட்டேன்" என்று சொல்கிறவர் அந்த மூன்றில் ஒன்றைத்தான் நினைத்துச் சொல்கிறார்.

சமைத்த சோறு நூறு கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து. சமையலறைத் தராசு இருந்தால் ஒரே ஒரு நாள், வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் சோற்றை எடை போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் 520 கிராம் காட்டியது. ஒரே வேளையில் 145 கிராம் மாவுச்சத்து. எந்த மாத்திரை இதைத் தாங்கும்?

நாங்கள் செய்த மாற்றம் எளிமையானது. சோற்றை ஒரே தடவை, ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து இலையில் வைத்துவிடுவது. அதைத்தான் சாம்பாருக்கும் ரசத்துக்கும் மோருக்கும் பங்கு பிரித்துக்கொள்ள வேண்டும். முதலில் கூட்டு, பொரியல், கீரை, மீன் அல்லது முட்டை. பாதி வயிறு நிறைந்த பிறகு சோறு. காயும் புரதமும் முன்னால் போனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை தணிவாக இருக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்பாவுக்கு முதல் வாரம் இது பெரிய அவமானமாக இருந்தது. "மிராசு வீட்டில் அளந்து சோறு போடுகிறார்கள்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மூன்று மாதத்தில் பழகிவிட்டது.

மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி பற்றி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லை மீட்டுக் கொடுத்த பிறகு இவை மறுபடி புழக்கத்துக்கு வந்தன. தவிடு நீக்காத அரிசியில் நார்ச்சத்து கூடுதல், மெல்ல ஏறும், கொஞ்சத்திலேயே வயிறு நிறையும். அவ்வளவுதான். அதுவும் அரிசிதான். "மாப்பிள்ளைச் சம்பா, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று விற்கிறவரிடமிருந்து விலகி நில்லுங்கள். சிறுதானியத்துக்கும் இதே விதிதான். கேழ்வரகுக் கஞ்சியைக் குழையக் காய்ச்சி இரண்டு செம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

பனைவெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே சர்க்கரைதான். கும்பகோணம் டிகிரி காப்பியை விட வேண்டாம், சர்க்கரையை விடுங்கள். நல்ல டிக்காஷனுக்கு அது தேவையும் இல்லை. திருவையாற்று அசோகா அல்வா பாசிப்பருப்பில் செய்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. கல்யாண வீட்டில் ஒரு கரண்டி தின்றுவிட்டு அந்த வேளைச் சோற்றைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

தொப்பையும் கணக்கில் உண்டு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நோய் வந்த முதல் சில ஆண்டுகளில் எடையை நன்றாகக் குறைத்தவர்களில் கணிசமானவர்களுக்கு மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் நின்றது. பிரிட்டனில் நடந்த ஆய்வில், முதல் ஆண்டு முடிவில் எடை குறைப்புத் திட்டத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது வாய்த்தது. குணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. எடை திரும்பினால் நோயும் திரும்பும். உடல் பருமன் மிக அதிகமானால் இரைப்பை அறுவைச் சிகிச்சையும் ஒரு வழி.

படி 4: நடை

"நான் விவசாயி, எனக்கு எதற்கு நடை?" என்பார்கள். இருபது ஆண்டுக்கு முன் அது சரி. இப்போது உழவு டிராக்டர், நடவு பாதி இயந்திரம், அறுவடை முழுக்க இயந்திரம். வரப்பில் நின்று ஆளை ஏவுவது உடற்பயிற்சி ஆகாது. வாரத்துக்கு 150 நிமிடம், மூச்சு சற்று வாங்கும் வேகத்தில். சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது சாப்பாட்டுச் சர்க்கரையைக் குறைப்பதில் தனி ஆற்றல் கொண்டது. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை: உட்கார்ந்து எழுதல், தண்ணீர்க் குடம் தூக்குதல். எங்கள் ஊரில் வாய்க்கால் கரைதான் நடைபாதை, செருப்போடு நடங்கள்.

படி 5: மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்

மெட்ஃபார்மின். பெரும்பாலானோருக்கு முதல் மருந்து. கல்லீரல் தேவையில்லாமல் சர்க்கரையை வெளிவிடுவதைக் குறைக்கிறது. தனியாகப் போட்டால் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்வது அரிது, எடை ஏறாது, விலை மலிவு. வயிற்றுப்போக்கும் குமட்டலும் முதல் சில வாரம் வரலாம். 500 மில்லிகிராமில் தொடங்கிச் சாப்பாட்டோடு சாப்பிட்டு மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். இல்லாவிட்டால் மெல்லக் கரையும் வகையைக் கேளுங்கள். அந்த வகையில் மாத்திரையின் கூடு சில சமயம் மலத்தில் அப்படியே வரும். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, பயம் வேண்டாம். பல ஆண்டு சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், சைவர்களுக்கு இன்னும் அதிகமாக. கால் எரிச்சலைச் சர்க்கரையின் மேல் போடும் முன் பி12 பாருங்கள். சிறுநீரகம் வடிகட்டும் திறன் (சோதனைத் தாளில் eGFR என்று இருக்கும்) 45க்குக் கீழ் போனால் மாத்திரை அளவைக் குறைப்பார்கள்; 30க்குக் கீழ் நிறுத்திவிடுவார்கள்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு. அப்பாவை வரப்பில் சாய்த்த குலம் இதுதான். இவை கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. மலிவு, வேகமாக வேலை செய்யும். அதனால் ஊரெங்கும் கிடைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று இவை பார்ப்பதில்லை. சாப்பாடு கண் முன்னால் வந்த பிறகே மாத்திரை. சாப்பாடு இல்லை என்றால் அந்த வேளை மாத்திரையும் இல்லை. நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலத்துக்கு அளவைக் குறைக்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். ஜூன் 12 என்று மேட்டூர் அணைக்கு நாள் குறித்திருப்பதுபோல உங்கள் மாத்திரைக்கும் பருவம் உண்டு. முதியவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கிளிபென்கிளமைடு வேண்டாம். அதன் வேகம் உடம்பில் நீண்ட நேரம் தங்கும்.

அகார்போஸ், வோக்லிபோஸ். மாவுச்சத்து குடலில் சர்க்கரையாக உடைவதைத் தாமதப்படுத்துபவை. சோறு தின்னும் ஊருக்குப் பொருத்தமானவைதான். முதல் கவளத்தோடு போட வேண்டும்; சாப்பிட்டு முடித்துப் போட்டால் வீண். வயிற்றில் காற்று உருட்டும். இன்னொன்று: இதோடு கிளிமிபிரைடும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் சீனி, வெல்லம் உடனே பலிக்காது. குளுக்கோஸ் பொடிதான் வேண்டும்.

சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், லினாகிளிப்டின். சாப்பாட்டுக்கு ஏற்ப மட்டும் இன்சுலினைத் தூண்டுவதால் தனியாகக் கொடுத்தால் தாழ்சர்க்கரை அரிது, எடையும் மாறாது. சாப்பாட்டு நேரம் நிச்சயமில்லாதவருக்கும் வயதானவருக்கும் நல்ல தேர்வு. காப்புரிமை முடிந்ததால் வில்டாகிளிப்டின் 2019 இறுதியிலும் சிட்டாகிளிப்டின் 2022இலும் விலை இறங்கின. லினாகிளிப்டினுக்குச் சிறுநீரகம் பார்த்து அளவு மாற்ற வேண்டியதில்லை. அப்பாவை இப்போது இந்த வரிசையில் ஒன்றுக்கும் மெட்ஃபார்மினுக்கும் மாற்றியிருக்கிறார்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. என் கணக்கில் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த மாத்திரைகளில் பெரிய வரவு இவைதான். இதயச் செயலிழப்பையும் சிறுநீரகப் பழுதையும் தள்ளிப்போடுவது பெரிய ஆய்வுகளில் உறுதியானது. இதய நோயோ, சிறுநீரில் புரதமோ இருந்தால் "எனக்கு இது பொருந்துமா?" என்று நீங்களே கேளுங்கள். எச்சரிக்கையும் உண்டு. பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம்; சிறுநீர் கழித்தபின் கழுவி உலர வையுங்கள். சித்திரை வெயிலில் வேலை செய்கிறவருக்கு நீரிழப்பு வரும். வாந்தி, பேதி, பட்டினி நேரத்தில் நிறுத்த வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை ஏறாமலே இரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. கால் புண் இருப்பவர்கள் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பயோகிளிட்டசோன். இன்சுலினுக்கு உடல் மசியாத நிலையை மாற்றும். கல்லீரல் கொழுப்பு உள்ளவர்களுக்குப் பயன்படும். கால் வீக்கம், எடை ஏற்றம், எலும்பு முறிவு ஆகியவை குறைகள். இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் கூடாது.

செமாகுளுடைடு, டிர்செபடைடு. வாரம் ஒருமுறை போடும் ஊசிகள். செமாகுளுடைடு மாத்திரையாகவும் உண்டு. டிர்செபடைடு இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் வந்தது. பசியை அடக்கி எடையையும் சர்க்கரையையும் நன்றாகக் குறைக்கும். குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கல் வரலாம். விழித்திரையில் ஏற்கெனவே பாதிப்பு உள்ளவர் முதலில் கண்ணைக் காட்டிவிட்டுத் தொடங்க வேண்டும். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதால், ஒரு மாத விலையைப் பார்த்து முடிவெடுக்காமல் ஓராண்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படி 6: இன்சுலின்

"ஊசிக்கு வந்துவிட்டால் கடைசிக் கட்டம்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. நாளாக நாளாகக் கணையம் களைத்துப்போகும். அதற்குத் துணைக்கு ஓர் ஆள் வைப்பதுதான் இன்சுலின். பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, கடும் தொற்று ஆகிய நேரங்களில் சிலருக்குத் தற்காலிகமாகவே தேவைப்படும்.

இனி வருவதை இரண்டு முறை படியுங்கள். இந்தியாவில் விற்கும் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவிக்குரிய மருந்துக் குழல்கள் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. பேனாக் குழலிலிருந்து மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை உறிஞ்சினால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். உயிருக்கே ஆபத்து. மாறாக 40 யூனிட் குப்பியை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் வெறும் 8 யூனிட்தான் போகும். மருந்துக் கடையில் அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடலாம். குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் பொருத்திப் பார்த்த பிறகே வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

30/70 கலப்பு இன்சுலின் (வேகமாக வேலை செய்வது 30 பங்கு, மெதுவாக வேலை செய்வது 70 பங்கு) கலங்கலாக இருக்கும். குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்க வேண்டும். மனித இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. வயிறு, தொடை என்று இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரே இடத்தில் குத்தினால் சதை கட்டிப்போய் மருந்து ஒழுங்காக ஏறாது.

அடுத்தது, எங்கே வைப்பது? திறக்காததைக் குளிர்பெட்டிக் கதவுப் பக்கம் வைக்கலாம். உறைநிலை அறையில் வைத்து உறைந்துபோனால் எறிந்துவிட வேண்டியதுதான். பயன்பாட்டில் உள்ள குப்பி, அதிக வெப்பமில்லாத அறையில் சுமார் நான்கு வாரம் தாங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையைத் தாக்கியபோது நாகை, திருவாரூர்ப் பகுதிகளில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது கைகொடுத்தது மண்பானைதான். பெரிய பானையில் ஈர மணல், அதன் நடுவே சிறு மண்கலயம், அதனுள் நெகிழிப் பையில் கட்டிய இன்சுலின், மேலே ஈரத்துணி. நிழலில் வைத்து மணலில் நீர் தெளித்துவந்தால் வெளி வெப்பத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். கடலோரப் புழுக்கத்தில் நீர் ஆவியாவது குறைவு என்பதால் காற்றோட்டமான இடமாகப் பாருங்கள். ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் அந்தப் பானை தயாராக இருக்கும்.

படி 7: சர்க்கரை தாழ்ந்தால்

70க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத கோபம். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸை அரை டம்ளர் நீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பாடு. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு வகையால் தாழ்ந்தது என்றால் ஏற்றிய பிறகும் மறுபடி தாழும். ஒரு நாளாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். வயலுக்குப் போகிறவரின் துண்டு முடிச்சில் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

சோதனைக் கருவியில் பார்க்கும் முன் கையைக் கழுவித் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் 300 காட்டும். சோதனைப் பட்டைகள் உள்ள டப்பாவை உடனே மூடுங்கள்; ஈரக்காற்று அவற்றைக் கெடுத்துவிடும்.

காய்ச்சல், வாந்தி வந்த நாளில் இன்சுலினை நிறுத்தக் கூடாது. அளவை மட்டும் கேட்டு மாற்றுங்கள். மெட்ஃபார்மினையும் சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகையையும் சாப்பாடு ஒழுங்காகும் வரை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள்.

படி 8: கால், கண், சிறுநீரகம்

சேற்றிலும் வரப்பிலும் வெறுங்காலோடு நடந்தே பழகியவர்கள் நாம். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினால் தெரியாது. இரண்டு நாளில் சீழ் கட்டும். தினமும் இரவில் விளக்கடியில் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவருக்கு ஒரு கண்ணாடி. கொப்புளம், நிறமாற்றம், ஆணி எதையும் பிளேடால் சீவாதீர்கள். சித்திரை மதியம் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு சுற்றிவிட்டுக் கால் வெந்துபோய் வருகிறவர்கள் உண்டு. காலையிலோ மாலையிலோ போங்கள். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் வேண்டுதல் இருந்தால் பருத்திக் காலுறை, அளவான காலணி, வழியில் ஒவ்வொரு இடத்திலும் கால் பார்க்க ஓர் ஆள். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ரப்பர் காலணி கட்டாயம்.

ஆண்டுக்கு ஒரு முறை: கண் மணியை விரித்து விழித்திரைச் சோதனை, சிறுநீரில் ஆல்புமின், இரத்தத்தில் கிரியாட்டினின், கால் உணர்ச்சிச் சோதனை, கொழுப்பு. உடம்பு வலிக்கு நாமாக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை மெல்ல அரிக்கும். நடவு வலிக்கு வாரக்கணக்கில் அதைப் போடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் காசநோய் சோதனையும் செய்யுங்கள். சர்க்கரை நோயாளிக்கு அது எளிதில் தொற்றும்.

படி 9: மூலிகையும் விரதமும்

வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், பாகற்காய். சிலவற்றுக்குச் சர்க்கரையைச் சற்றுக் குறைக்கும் தன்மை இருப்பதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. மெட்ஃபார்மினுக்கும் இன்சுலினுக்கும் பதிலாக நிற்கும் அளவுக்குச் சான்று இல்லை. உணவாகச் சாப்பிடுங்கள். கஷாயமாகத் தினமும் குடித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையோடு சேர்ந்து தாழ்சர்க்கரை வரலாம். சித்த மருத்துவம் வேண்டும் என்றால் அரசு சித்த மருத்துவரிடம் போங்கள். பெயரில்லாத பொடியை வாங்காதீர்கள். ஒரே வாரத்தில் அற்புதமாகக் குறைத்த "மூலிகைப் பொடி"களைச் சோதித்தபோது உள்ளே கிளிபென்கிளமைடு கலந்திருந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

நாகூர், முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் நோன்பு இருப்பவர்கள் ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். பொதுவாகக் காலை அளவு மாலையில் நோன்பு திறக்கும் இப்தாருக்கு நகரும், விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் நேர அளவு குறையும். விரல் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் கருத்து. 70க்குக் கீழே போனாலும் 300ஐத் தாண்டினாலும் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும். நோன்புக் கஞ்சியும் அரிசிதான், ஒரு கிண்ணம் போதும். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பட்டினி இருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

படி 10: மருந்து எங்கே, ஒரு தாள் எதற்கு

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மருந்து வருகிறது; உங்கள் தெருவுக்கு வரும் பணியாளரிடம் பெயரைப் பதியுங்கள். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மக்கள் மருந்தகங்களிலும் விலை குறைவு. சிக்கலான நிலைக்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே வாங்கினாலும் அட்டையின் மேலே உள்ள கம்பெனிப் பெயரை விட்டுவிட்டுக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். பிள்ளைகள் யாராவது ஒருவர் இதைப் படித்துச் சொன்னால் போதும். எங்கள் வீட்டில் அந்த ஒரு பார்வை இரண்டு ஆண்டு தாமதமாக விழுந்தது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரே ஒரு தாள் கொண்டு போங்கள். எல்லா இடத்திலும் வாங்கும் மருந்துகளின் பெயரும் அளவும், கஷாயம் உட்பட. கடந்த இரண்டு வாரச் சர்க்கரை எண்கள், எந்த நேரம் என்பதோடு. மூன்று வேளை என்ன சாப்பிடுகிறீர்கள், எந்த மணிக்கு, உண்மையாக. தாழ்ந்து நடுங்கிய நாட்கள். கடைசியாகக் கண் பார்த்த மாதம். அப்பாவின் தாளில் இப்போது இன்னொரு வரியும் இருக்கிறது: இந்தப் போகம் எங்களுக்கு நடவு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது.